கிணற்றுத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னாரா, பிள்ளை?

உம்முடைய நீண்ட கேள்வியைப் படித்தேன். கிளிநொச்சித் தருமபுரத்தில் வளர்ந்து, அங்கேயே அறிவியல் நகரில் விவசாயம் படித்து, கலாநிதிப் பட்ட ஆய்வுக்காக நோர்வே வந்து இரண்டு மாதம் ஆகிறது என்கிறீர். குளிருக்கு என்ன உடுப்பது, வாடகை ஏன் இப்படி, மேற்பார்வையாளரைப் பெயர் சொல்லிக் கூப்பிடலாமா, கணவரை இங்கே அழைக்க விசா எப்படி என்று கேட்டிருக்கிறீர். ஊரில் மூன்று சிநேகிதர்கள்: ஒருவர் டொக்டர், ஒருவர் வானியல் பித்துப் பிடித்த பௌதிகப் பட்டதாரி, ஒருவர் முல்லைத்தீவுக் கோவலன் கூத்தை ஆராய விரும்புகிறவர். அவர்களுக்கும் இங்கே வழி உண்டா என்கிறீர். இவற்றுக்கு நடுவில், கேள்வியாகக்கூட இல்லாமல் ஒரு வரி: தை மாதம் ஊருக்குப் போய் கிளிநொச்சி, வவுனியாக் கிணறுகளில் தண்ணீர் எடுத்துவரும்படி மேற்பார்வையாளர் சொல்லியிருக்கிறார், செலவு முழுவதும் அவர்களுடையது, சந்தோஷமாக இருக்கிறது.

நான் எழுத உட்கார்ந்தது அந்த ஒரு வரிக்காகத்தான்.

மற்றவற்றை முதலில் முடித்துவிடுகிறேன். உள்ளுடுப்பு கம்பளியில் வாங்கும், பருத்தி வேண்டாம். வாடகை எல்லோருக்கும்தான் வலிக்கிறது. மேற்பார்வையாளரைப் பெயர் சொல்லியே கூப்பிடும்; 'சேர்' என்றால் அந்த மனிதர் நெளிவார். ஆனால் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறோம், ஒன்றாக இருந்து பாண் தின்கிறோம் என்பதற்காக அவரும் நீரும் சமம் என்று எண்ணிவிட வேண்டாம். ஊரில் பேராசிரியரின் அதிகாரம் கதிரையிலேயே தெரியும். இங்கே அது மின்னஞ்சலின் மூன்றாவது பந்தியில், மிகவும் பண்பாக வந்து நிற்கும்.

இனித் தண்ணீர் விடயம். நான் பேராசிரியரும் இல்லை, கலாநிதியும் இல்லை. ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளராக வேலை செய்து ஓய்வு பெற்றவன். எந்த நிறுவனம் என்று எழுதமாட்டேன். மண்ணும் நீரும் போத்தல்களில் வரும், நான் இயந்திரத்தில் ஓட்டி எண்களைக் கொடுப்பேன். அந்த மேசையிலிருந்து பார்த்தால், ஆராய்ச்சியில் யார் என்ன செய்கிறார்கள் என்பது கட்டுரையில் தெரிவதைவிடத் தெளிவாகத் தெரியும். தன் ஊரில் வீடு வீடாகப் போய் மாதிரி சேகரித்து வந்த தான்சானிய இளைஞன் ஒருவனை எனக்குத் தெரியும். கட்டுரை வந்தபோது அவன் பெயர் நன்றியுரையில் இருந்தது, என் பெயருக்கு அடுத்ததாக. என் பெயரிலோ எழுத்துப் பிழை.

இங்கே எல்லோரும் 'வன்கூவர் விதிகள்' என்று பேசுவதைக் கேட்டிருப்பீர். மருத்துவ இதழ் ஆசிரியர்கள் 1978 இல் வன்கூவரில் கூடியதால் வந்த பெயர். ஒருவர் கட்டுரையாசிரியர் ஆவதற்கு நான்கு நிபந்தனைகள்: ஆய்வைத் திட்டமிடுவதிலோ தரவைத் திரட்டுவதிலோ பகுப்பதிலோ கணிசமான பங்கு, கட்டுரையை எழுதுவதில் அல்லது திருத்துவதில் பங்கு, இறுதி வடிவத்துக்கு ஒப்புதல், முழு வேலைக்கும் பொறுப்பேற்றல். நான்கும் வேண்டும். பொறி எங்கே என்று பாரும்: நீர் வெயிலில் நின்று தண்ணீர் எடுத்தால் முதல் நிபந்தனை நிறைவேறலாம். எழுத்து வேலைக்கு உம்மை அழைக்காமலே விட்டால் இரண்டாவது நிறைவேறாது. பிறகு, 'விதிப்படி உன்னைச் சேர்க்க முடியவில்லையே' என்று உண்மையான வருத்தத்தோடு சொல்வார்கள். முதல் நிபந்தனையை நிறைவேற்றியவருக்கு எழுதும் வாய்ப்பைத் தர வேண்டும் என்று அதே விதிகள் சொல்கின்றன. இதை மட்டும் மறக்காமல் நினைவில் வைத்திரும். தை மாதம் விமானம் ஏறுவதற்கு முன்பு, எந்தக் கட்டுரையில் யார் முதல் ஆசிரியர் என்பதை மின்னஞ்சலில் எழுத்தாக வாங்கும். இது சண்டை இல்லை. கேட்டால் மதிப்பார்கள், கேட்காவிட்டால் மறப்பார்கள்.

நோர்வேயில் உம்முடைய படிப்பு ஒரு வேலை என்பதையும் மறக்க வேண்டாம். சம்பளம், வரி, விடுமுறை எல்லாம் உண்டு. மூன்று வருடம், அல்லது கால் பங்கு கற்பித்தல் கடமையோடு நான்கு வருடம். உமது காலம் ஓடிக்கொண்டே இருக்கும். இன்னொருவரின் கட்டுரைக்குப் போத்தல் நிரப்பிய மாதங்களை யாரும் திருப்பித் தரமாட்டார்கள். கடைசியில் மக்கள் முன்னிலையில் இரண்டு எதிராய்வாளர்கள் கேள்வி கேட்கும்போது நிற்கப்போவது நீர் ஒருவர்தான்.

அங்கே உமக்கு இருக்கும் பெறுமதி தெரியாமல் நீர் சந்தோஷப்படுகிறீர் என்பதுதான் என் ஆதங்கம். காரணம் தெரியாத சிறுநீரக நோயைத் தொட்டுத்தான் உங்கள் திட்டம் என்று ஊகிக்கிறேன். 1990களில் அனுராதபுரம் பக்கத்தில் கவனத்துக்கு வந்தது. மதவாச்சியைத் தாண்டினால் வவுனியாதானே, வரப்பு அறிந்தா நோய் நிற்கும்? புளோரைட்டு, நீரின் கடினத்தன்மை, கட்மியம், களைகொல்லி, வெயிலில் நீர் வற்றி உழைக்கும் உடல் என்று சந்தேக நபர்களின் பட்டியல் நீண்டது. ஒருவருக்கும் தீர்ப்பு வரவில்லை. அதற்கிடையில் 2015 இல் கிளைபோசேற் என்ற களைகொல்லியைத் தடைசெய்தார்கள், 2018 இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் தளர்த்தினார்கள்.

வெளியிலிருந்து மாதிரி எடுக்க வருகிறவர் என்ன செய்வார்? வீட்டு வளவில் உள்ள கிணற்றில் வாளியை விடுவார், இடத்தைக் குறிப்பார், போய்விடுவார். அந்த வீட்டில் அந்தத் தண்ணீரைக் குடிப்பதே இல்லை என்பது அவருக்கு எப்படித் தெரியும்? சவர்த் தண்ணீரில் குளிப்பார்கள், குடிப்பதற்குக் கோயில் கிணற்றுக்கோ பள்ளிக்கூடக் கிணற்றுக்கோ குடத்தோடு போவார்கள். அதே வீட்டுக்காரர் நாள் முழுவதும் வயலில் நின்று வாய்க்கால் தண்ணீரைக் குடித்திருப்பார். இருபது வருடத்தில் எத்தனை ஊர், எத்தனை முகாம், எத்தனை கிணறு மாறினார்கள்! வன்னியில் ஒருவர் குடித்த தண்ணீரின் கதை அவருடைய இடப்பெயர்வின் கதைதான். இதைக் கேள்விக்கொத்தில் எப்படிக் கேட்பது என்று தெரிந்த ஆள் உங்கள் குழுவில் நீர் ஒருவர்தான் இருப்பீர். அப்படியானால் அது மாதிரி சேகரிப்பு இல்லை, ஆய்வுத் திட்டமிடல். அதை இப்போதே இரண்டு பக்கத்தில் எழுதி மேற்பார்வையாளருக்கு அனுப்பும்.

நோர்வேயின் வடகோடித் தீவான ஸ்வால்பார்ட்டில் மலையைக் குடைந்து 2008 இல் திறந்த விதைக் காப்பகத்தை உமக்குத் தெரிந்திருக்கும். உலகத்து நெல் வகைகள் ஏராளமாக அங்கே உறைந்து கிடக்கின்றன. பெட்டியைத் திறக்கும் உரிமை நோர்வேக்குக் கிடையாது, வைப்பிலிட்டவருக்கு மட்டும்தான். சிரியாவிலே வைத்திருந்த விதை வங்கியைப் போரினால் பயன்படுத்த முடியாமல் போனபோது, 2015 இல் அதன் நிறுவனத்தார் வந்து தங்கள் விதையைத் திருப்பி எடுத்தார்கள். விதைக்கு இவ்வளவு நேர்த்தியாக ஒழுங்கு செய்யத் தெரிந்த நாடுதான் இது. உம்முடைய தண்ணீர்ப் போத்தலுக்கும் கேட்டால் செய்யும்.

டொக்டர் சிநேகிதருக்கும் இதே புத்திமதிதான், கூடுதலாக ஒன்று: இங்கே 2009 இலிருந்து நடைமுறையில் உள்ள சுகாதார ஆராய்ச்சிச் சட்டப்படி நெறிமுறைக் குழுவின் அனுமதி இல்லாமல் ஆராய்ச்சிக்கென்று ஒரு துளி இரத்தமும் எடுக்க முடியாது. நாங்களும் ஆய்வுப் பொருளாக இருந்தவர்கள்தான். ஒஸ்லோவில் வாழும் இலங்கையரின் வைட்டமின் டி அளவைக் கண்டியில் வாழ்பவர்களோடு ஒப்பிட்டுப் பார்த்து, எங்களுக்கு மிகக் குறைவு என்று கண்டார்கள். நீரும் இரத்தம் கொடுத்துப் பாரும், குளிர்காலத்துக்கு முன்பே.

கூத்து ஆராய்ச்சிக்காரர்தான் அதிகம் கவனமாக இருக்க வேண்டும். இங்கே ஒருவரின் குரல் பதிவும் தனிப்பட்ட தரவு. திட்டம் முடிந்ததும் அழிக்க வேண்டும், அல்லது ஆள் அடையாளம் தெரியாமல் மாற்ற வேண்டும் என்று படிவத்திலே தன்பாட்டில் ஒரு வரி வந்துவிடும். நாற்பது வருடம் மத்தளம் அடித்துப் பாடிய அண்ணாவியார் 'தகவலாளர் 7' ஆகிவிடுவார்! அவர் தம்முடைய பெயர் வரவேண்டும் என்றுதான் பாடவே ஒத்துக்கொண்டிருப்பார். பெயரைப் போடவும் பதிவை நிரந்தரமாக வைக்கவும் ஒரு பிரதியை ஊரில் வைக்கவும் தொடக்கத்திலேயே எழுத்தில் சம்மதம் வாங்கச் சொல்லும். நூலகம் இணையத்தளம் 2005 இலிருந்து எங்கள் ஏடுகளையும் பத்திரிகைகளையும் சேர்த்து வைத்திருக்கிறது. அப்படி ஓர் இடத்தில் இருந்தால்தான் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு வரும் ஒரு சிறுவனும் நாளைக்குக் கேட்கலாம்.

பெயர் போடுவது என்றதும் வானியல்காரர் நினைவுக்கு வருகிறார். 1825 இல் ஜோன் வாரன் என்ற அதிகாரி புதுச்சேரியில் தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவரைக் கண்டார். மனப்பாட வாய்ப்பாடுகளை ஒப்புவித்துக்கொண்டு, நிலத்தில் சோழிகளைப் பரப்பி, அந்த வருடம் மே 31 இரவுச் சந்திர கிரகணத்தை அவர் கணித்தார். தொடக்கத்தில் நான்கு நிமிடம்தான் பிசகு. முடிவில் ஐம்பத்திரண்டு நிமிடம் பிசகியது, அதையும் மறைக்கக் கூடாது. வாரன் அந்தக் கணிதருக்குக் கோட்பாடு ஒன்றும் விளங்காது என்று குத்தலாகத்தான் எழுதினார். ஆனாலும் சாமிநாதன் சேஷையா என்று வாசிக்கத்தக்க அவருடைய பெயரை எழுதி வைத்தார். இருநூறு வருடத்துக்கு முந்திய அந்த அதிகாரி வேலைக்கு நேரே பெயரை எழுதினார், எங்கள் ஆய்வுகூடமோ நன்றியுரையோடு நிறுத்திக்கொண்டது.

நோர்வேயில் வானியலா என்று சிரிக்க வேண்டாம். வானம் மூடிக் கிடக்கிறது என்று நோர்டிக் நாடுகள் தங்கள் தொலைநோக்கியைக் கனேரித் தீவில் லா பால்மா மலையில் வைத்திருக்கின்றன. ஒஸ்லோவில் சூரிய பௌதிகத்துக்கென்றே பெரிய ஆய்வு மையம் இருக்கிறது. வடக்கே நவம்பர் கடைசியில் போன சூரியன் ஜனவரி நடுப்பகுதியில்தான் திரும்பி வரும். இல்லாதவர்களுக்குத்தான் அதன் அருமை தெரிகிறது போலும்.

2010 ஜனவரி 15, தை அமாவாசை, பட்டிப்பொங்கல் நாள். வன்னியின் மேல் கங்கண சூரிய கிரகணம். ஆய்வாளர்கள் கருவிகளோடு தனுஷ்கோடிக்கும் மாலைதீவுக்கும் போயிருந்தார்கள். என் அக்கா குடும்பம் அன்று, போரில் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த மெனிக் பாம் முகாமில். மத்தியானத்தில் தகரக் கூரைகளின் வெளிச்சம் மங்கியது என்றும், தண்ணீர் வாளியில் வளையமாகப் பார்த்தோம் என்றும் அக்கா பிறகு சொன்னா. பொங்கல் வைக்க மாடு ஒன்றும் மிஞ்சியிருக்கவில்லை. உம்முடைய சிநேகிதருக்கு அப்போது எத்தனை வயது, எங்கே நின்று பார்த்தார் என்று கேளும். விண்ணப்பக் கடிதத்தில் எழுத அதைவிட நல்ல முதற்பந்தி கிடைக்காது.

எங்கள் ஆட்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு கூட்டம் உம்மை மேடையில் ஏற்றிப் பொன்னாடை போர்த்தி 'வன்னி மண்ணின் மகள்' என்று பேசும், பிறகு தங்கள் பிள்ளைக்குக் கணிதம் சொல்லிக்கொடுக்கக் கேட்கும். இன்னொரு கூட்டம், ஆராய்ச்சியை விட்டுவிட்டுத் தாதிமை படி, நிரந்தர வேலை என்று சொல்லும். வேறு சிலர், 'வன்னியா? சரி, பூர்வீகம் எங்கே?' என்பார்கள். மீன் தொழிற்சாலையில் என் பக்கத்தில் நின்றவரும் அதைத்தான் கேட்டார். ஒட்டுசுட்டான் என்றேன். அதற்கு முன்பு என்றார். அதற்கு முன்பும் ஒட்டுசுட்டான்தான், முத்தையன்கட்டுத் தண்ணீர்தான் என்றேன். அன்று முழுவதும் அவர் பேசவில்லை.

நான் வந்தது 1987 இல். விடுதியோடு கூடிய, பரீட்சை இல்லாத நாட்டார் உயர்பள்ளிகள்தான் அந்நாளில் எங்களுக்கு வாசல். பிறகு வடகோடிப் பின்மார்க்கில் மீன் வெட்டினோம். இருட்டில் போய் இருட்டில் வருவோம், விரல்கள் மரத்துப் போயிருக்கும். மேசையில் வந்து விழுவதெல்லாம் கொட் மீன். மொழியை மீன் மேசையிலேதான் பிடித்தேன், இரவு வகுப்பில் இரசாயனம் படித்தேன். ஒருவரும் கைபிடித்துக் கூட்டிப்போகவில்லை, அதில் எனக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு. 1994 இல் வந்த இருநூறு குரோணர் தாளில், வடதுருவ ஒளிக்கு விளக்கம் கண்ட பிர்க்கெலாண்டின் படம் இருந்தது. விஞ்ஞானியைக் காசில் போடும் நாடு என்று ஊருக்குப் பெருமையாக எழுதினேன். 2017 இல் அந்தத் தாளை மாற்றினார்கள். இப்போது அதில் இருப்பது கொட் மீன்! நான் வெட்டிய இனம்தான், ஐயமே இல்லை.

கணவரைக் கூப்பிடுவது பற்றிய விசா விடயம் எனக்குத் தெரியாது. குடிவரவு இணையத்தளத்தில் எல்லாம் இருக்கிறது, எங்கள் ஆட்களிடம் கேட்க வேண்டாம், ஆளுக்கொரு சட்டம் சொல்வார்கள். மாதிரி எடுக்கப் போகும்போது நெடுங்கேணிப் பக்கமும் போகும். மண்ணும் கொண்டுவரச் சொன்னால் இறக்குமதி அனுமதியை அவர்களே எடுக்கட்டும், உமது பயணப் பையில் போட வேண்டாம். அந்த இரண்டு பக்கத்தை எழுதியதும் எனக்கும் ஒரு பிரதி அனுப்பும், அலகுகளைச் சரிபார்த்துத் தருகிறேன். நன்றியுரையில் பெயர் போடுவதென்றால் எழுத்தை என்னிடம் கேட்டுப் போடும்.