கறித்தூள் வியாபாரத்துக்கு என்ன படிக்கலாம்?

கேள்வி: யாழ். பல்கலைக்கழகத்தில் முகாமைத்துவம் படிக்கிறேன். சிறப்புத்துறை தெரிவு செய்யும் நேரம் வந்துவிட்டது. அம்மா செய்யும் கறித்தூளைச் சொந்தக்காரர் கனடாவுக்குக் கொண்டுபோகிறார்கள், இங்கே சில கடைகளுக்கும் கொடுக்கிறோம். படிப்பு முடிய இதையே தொழிலாக நடத்த ஆசை. தோழிகள் சந்தைப்படுத்தல் எடு என்கிறார்கள். கனடா மாமா கம்ப்யூட்டர் படி என்கிறார். கணக்கீடு என்றால் வங்கி வேலையாவது கிடைக்கும் என்கிறார் அப்பா. எதை எதோடு சேர்த்துப் படிக்கலாம்?
- ஒரு வாசகி, சுன்னாகம்

பதில்: தங்கச்சி, கணக்கீட்டையே எடுங்கள். வங்கி வேலைக்காக இல்லை, உங்கள் தூளுக்காகத்தான் சொல்கிறேன்.

செத்தல் மிளகாய், மல்லி, சீரகம், மிளகு எல்லாம் சேர்த்து 100 கிலோ வாங்குகிறீர்கள். வறுக்க நிறை குறையும், மில்லிலும் கொஞ்சம் போகும். பேச்சுக்கு 90 கிலோ தூள் மிஞ்சுகிறது என்று வையுங்கள். வாங்கிய காசை 100ஆல் பிரித்து அடக்கவிலை போட்டால், உண்மையான சாமான் செலவில் பத்தில் ஒரு பங்கு கணக்குக்கே வராது. காஸ், மில் கூலி, பை, அம்மாவின் உழைப்பு இன்னும் சேரவில்லை. அம்மாவுக்குச் சம்பளம் எழுதாமல் இலாபம் பார்க்கும் வீட்டுத் தொழில்கள் நம் ஊரில் எத்தனையோ. எனக்கு அது பெரிய மனவருத்தம்.

அப்புறம் கடன். கடைக்காரர் ஒரு மாதம் கழித்துத்தான் காசு தருவார், செத்தலோ இன்றைக்கே வாங்க வேண்டும். கொப்பியில் இலாபம் இருக்கும், கையில் காசு இருக்காது. 2022ஐ நினைத்துப் பாருங்கள். மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயளவில் நின்ற டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டது. வங்கிக் கடன் வட்டிக்கு அடிப்படையான கொள்கை வட்டியை ஏப்ரலில் மத்திய வங்கி ஒரேயடியாக 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தியது. செத்தலில் பெரும்பகுதி இந்தியாவிலிருந்து வருவதால், வங்கிக் கடனில் சரக்கு எடுத்தவர்களுக்கு இரண்டு பக்கமும் அடி. ஆகவே நிதி முகாமைத்துவப் பாடங்களையும் எடுக்க முடிந்த அளவுக்கு எடுங்கள்.

சந்தைப்படுத்தலில் ஒன்றிரண்டு பாடம் போதும். கடை கடையாய் ஏறி இறங்கும் நீங்கள் அதில் பாதியை ஏற்கெனவே படித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

கணக்கீட்டோடு சேர்க்க வேண்டிய மற்றப் பாடம் உங்கள் பீடத்துக்கு வெளியே இருக்கிறது: உணவுப் பதப்படுத்தல். செத்தல் சரியாகக் காயாமல் பூஞ்சணம் பிடித்தால் அஃபிளாடொக்சின் என்ற நஞ்சு உண்டாகும். வறுத்தாலும் அது முழுதாக அழியாது. ஐரோப்பிய ஒன்றியம் மிளகாயில் ஒரு கிலோவுக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் அனுமதிப்பதில்லை. சூட்கேசில் போகும் தூளை யாரும் சோதிப்பதில்லை, கொள்கலனில் போகும்போது கதை வேறு. இங்கே விற்பதற்கும் 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டத்தின் கீழ் லேபிளுக்கு விதிகள் உண்டு: நிறை, உற்பத்தித் திகதி, காலாவதித் திகதி, தொகுதி இலக்கம். இதற்கு இன்னொரு பட்டம் வேண்டாம். கைத்தொழில் அபிவிருத்திச் சபை போன்ற இடங்களில் குறுகிய காலப் பயிற்சி பற்றி விசாரியுங்கள், உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமும் இப்போதே பேசுங்கள். வியாபாரப் பெயரைப் பதிய உடுவில் பிரதேச செயலகத்துக்குப் போகலாம். அதற்குப் பட்டம் முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

சரி, மாமா சொன்ன கம்ப்யூட்டர்? எக்செல்லில் அடக்கவிலையும் கையிருப்பும் போடத் தெரிந்தால் இப்போதைக்குப் போதும். மாமாவிடம் வேறொரு உதவி கேளுங்கள். ஸ்காபரோவில் உள்ள தமிழ்க் கடைகளில் எந்தத் தூள் எத்தனை கிராம் பையில், என்ன விலைக்குப் போகிறது, அதை இறக்குமதி செய்பவர் யார் என்று பார்த்து எழுதி அனுப்பச் சொல்லுங்கள். பையின் பின்பக்கத்தையும் படம் எடுக்கச் சொல்லுங்கள், இறக்குமதி செய்பவரின் பெயர் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.