ஒன்று, இரண்டு, மூன்று, ஐந்து, ஆறு

அன்புள்ள அக்கா,

சீனாவில் வூசி நகரத்தில் இருந்த நாட்களைப் பற்றி நீங்கள் எழுதும்போதெல்லாம், எர்ஹு என்ற வில் வாத்தியம் வாசிக்கும் ஒரு கணக்கு வாத்தியார் வந்துபோகிறார். அவரைப் பற்றித் தனியாக எழுதவே இல்லையே? காரணமாகத்தான் கேட்கிறேன். அடுத்த மாதம் ஆராய்ச்சிக்காக நான்ஜிங் போகிறேன். இணையத்தில் எனக்குச் சீனம் சொல்லித்தரும் ஆசிரியை அந்த ஊர்க்காரர். பிபா என்ற சீனத் தந்தி வாத்தியத்தைப் பிரமாதமாக வாசிக்கிறார். ஒருநாள் வாசித்துக் காட்டியபோது "அருமை" என்பதற்கு மேல் எனக்குப் பேச்சு வரவில்லை. சங்கீதம் தெரியாத நான் அவருக்கு ரசிகையாக இருக்கலாம், தோழியாக இருக்க முடியுமா? பதிலுக்குக் கொடுக்க என்னிடம் என்ன இருக்கிறது?

ஒரு வாசகி, திருச்சி

அன்புள்ள தங்கைக்கு,

தனியாக எழுதாததற்குக் காரணம், அவருக்கு அது பிடிக்காது. பெயர் போடாமல் எழுதிக்கொள் என்று இப்போதுதான் அனுமதி கிடைத்தது. அதனால் இங்கே அவர் வெறும் லாவ்ஷி. அங்கே ஆசிரியர்களை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

ரசிகையாக மட்டும் போகாதீர்கள் என்றுதான் சொல்வேன். சங்கீதம் தெரியாதது பெரிய விஷயமில்லை. ஆனால் "அருமை" என்று சொன்னதும் அந்தப் பேச்சு முடிந்துவிடுகிறது, பாருங்கள். நன்றாக வாசிப்பவர்களுக்கு அந்தச் சொல் எல்லாத் திசையிலிருந்தும் வந்துகொண்டே இருக்கும். லாவ்ஷி எங்கள் குடியிருப்பை ஒட்டிய பூங்காவில் காலை வேளையில் வாசிப்பார். ஓய்வு பெற்ற பெண்கள் சிலர் அந்தப் பக்கத்து நாடகப் பாட்டுகளைப் பாடுவார்கள், இவர் பக்கவாத்தியம். சுற்றி நிற்பவர்கள் கைதட்டுவார்கள், நானும் தட்டுவேன். அவர் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். தாளம் தப்பிய அம்மாவைத் திட்டுவதில்தான் அவர் கவனமெல்லாம் இருக்கும்.

பழக்கம் தொடங்கியது அவர் சுரம் எழுதி வைத்திருந்த தாளிலிருந்து. சீனாவில் நாட்டு வாத்தியக்காரர்கள் பெரும்பாலும் மேற்கத்திய முறைப்படி ஐந்து கோட்டில் எழுதுவதில்லை, எண்களில் எழுதுகிறார்கள். ஒன்று என்றால் நம்முடைய ச, இரண்டு என்றால் ரி, இப்படி ஏழு வரை. மேல் ஸ்தாயிக்கு எண்ணின் தலையில் புள்ளி, கீழ் ஸ்தாயிக்குக் காலடியில் புள்ளி. வேகம் இரட்டித்தால் நாம் சுரத்துக்கு மேலே கோடு போடுவோம், அவர்கள் கீழே போடுகிறார்கள். சின்ன வயதில் வர்ணம் வரை பாட்டு கற்று நிறுத்தியவள் நான். அதற்கே அந்தத் தாளைப் பார்த்ததும் படிக்க வந்துவிட்டது. புள்ளியைக் காட்டி, என் சந்தைக்கடைச் சீனத்தில் "இது மேலேயா?" என்று கேட்டேன். அன்றுதான் அவர் என்னை முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தார்.

அப்புறம் நடந்ததுதான் சுவாரசியம். 1 2 3 5 6 என்று எழுதி நீட்டினார். பாடினேன். சாட்சாத் மோகனம். அவர்களுக்கு அதுதான் முதல் பண். அதே ஐந்து சுரங்களை இரண்டிலிருந்து தொடங்கி எழுதினார், மத்தியமாவதி வந்தது. மூன்றிலிருந்து இந்தோளம், ஐந்திலிருந்து சுத்த சாவேரி, ஆறிலிருந்து சுத்த தன்யாசி. நம்மூரில் கிரக பேதம் என்று மேடையில் வித்தை காட்டுவார்களே, அதை அவர் பூங்கா பெஞ்சில் பென்சிலால் போட்டுக் காட்டினார். அவர்களுக்கு அந்த ஐந்தும் பழங்காலத்திலிருந்தே தனித்தனிப் பெயருள்ள ஐந்து பண்கள். கணக்கு வாத்தியார் இல்லையா, எனக்கு ஐந்து ராகப் பெயர்களும் தெரிந்திருந்ததில் அவருக்கு ஒரே குஷி. பிறகு வாரம் ஒருமுறை அவர் வீட்டுக்குப் போய் உட்கார ஆரம்பித்தேன். கைபேசி மொழிபெயர்ப்பு பாதி, எண்கள் பாதி என்று பேச்சு ஓடியது.

எர்ஹுவில் இரண்டே தந்திகள். வில்லின் முடி அந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டியிருக்கும், வெளியே எடுக்க முடியாது. விரல் பதிக்கப் பலகை கிடையாது, தந்தி அந்தரத்தில் நிற்கும். ஆகவே கமகத்துக்கு, அதாவது சுரத்தை அசைத்து வாசிப்பதற்கு, தோதான வாத்தியம். தோடியின் காந்தாரத்தைப் பாடிக் காட்டினேன். "இந்த சுரம் ஏன் ஓரிடத்தில் நிற்க மாட்டேன் என்கிறது?" என்று முகம் சுளித்தார். எண்ணில் எழுதச் சொன்னார், என்னால் முடியவில்லை. அடுத்த வாரம் நான் போனபோது அதை வாசித்துக்கொண்டிருந்தார். பிடிக்கவில்லை என்று சொல்லிக்கொண்டேதான் வாசித்தார்.

இவ்வளவு ஞானம் உள்ளவர் எப்படிக் கணக்கு வாத்தியார் ஆனார் என்று கேட்பீர்கள். 1968-க்குப் பிறகு நகரத்துப் பள்ளிப் பிள்ளைகளை லட்சக்கணக்கில் கிராமங்களுக்கு அனுப்பினார்கள். அதில் வூசி இருக்கும் ஜியாங்சு மாகாணத்தின் வட பகுதிக்குப் போனவர் இவர். அங்கே பிரசாரக் கலைக்குழுவுக்கு எர்ஹு வாசிக்க ஆள் தேவைப்பட்டது. குழுவில் சேர்ந்தால் வயல் வேலை குறையும் என்பதால் கற்றுக்கொண்டார். மாவோ காலத்துக் கலாச்சாரப் புரட்சியில் நின்றுபோன கல்லூரி நுழைவுத் தேர்வு 1977 டிசம்பரில் திரும்ப வந்தது. சுமார் 57 லட்சம் பேர் எழுதினார்கள், இடம் கிடைத்தது ஏறக்குறைய 2.7 லட்சம் பேருக்கு. அதில் ஆசிரியர் கல்லூரியில் கணக்கு கிடைத்தால் விட மனசு வருமா? இசைக் கல்லூரியை நினைத்து வருத்தம் உண்டா என்று கேட்டேன். "என் வில்பிடி தப்பு. அங்கே போயிருந்தால் திருத்தியிருப்பார்கள்" என்றார். அதற்கு மேல் பேசவில்லை.

வூசிதான் ஆபிங்கின் ஊர். கண் தெரியாமல் தெருவில் வாசித்துப் பிழைத்தவர். 1950-ல் யாங் யின்லியு என்ற இசை அறிஞர் வந்து கம்பி ஒலிப்பதிவுக் கருவியில் ஆறு உருப்படிகளைப் பதிந்தார். எர்ஹுவில் மூன்று, பிபாவில் மூன்று. அந்த ஆண்டு டிசம்பரிலேயே ஆபிங் இறந்துவிட்டார், நமக்கு மிஞ்சியது அந்த ஆறுதான். உங்கள் ஆசிரியையிடம் அந்த மூன்று பிபா உருப்படிகளைக் கேட்டுப் பாருங்கள். எர்ஹுக்காரர்கள் ஆபிங்கைத் தங்களுக்கே எழுதி வாங்கிக்கொண்டதுபோல் பேசுவார்கள், பிபாக்காரர்களுக்கு அதில் கொஞ்சம் கடுப்பு இருக்க வாய்ப்புண்டு.

நீங்கள் பயப்படுவதுபோல, ரசிகரும் கலைஞரும் என்றதும் அங்கே எல்லோரும் ஒரு பழங்கதை சொல்வார்கள். போயா என்பவன் ஏழு தந்தி வாத்தியம் வாசிப்பான். மலையை நினைத்து வாசித்தால் மலை என்றும் ஆற்றை நினைத்து வாசித்தால் ஆறு என்றும் ஒரு விறகுவெட்டி சரியாகச் சொல்லிவிடுவான். விறகுவெட்டி செத்ததும் போயா வாத்தியத்தை உடைத்துவிட்டு வாசிப்பதையே நிறுத்திவிடுவான். லாவ்ஷிக்கு இந்தக் கதையே ஆகாது. "இன்னொரு விறகுவெட்டியைத் தேடியிருக்கலாமே, சோம்பேறி" என்பார். நானும் அவர் கட்சிதான்.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? நகங்களிலிருந்து தொடங்குங்கள். பிபா வாசிப்பவர்கள் வலது கையின் ஐந்து விரல்களிலும் பொய்நகங்களை டேப் சுற்றி ஒட்டிக்கொள்வார்கள். எப்படி ஒட்டுகிறார், அந்த ஐந்து விரலும் அடுத்தடுத்து உருண்டு ஒரே நீளமான ஒலியாக எப்படிக் கேட்கிறது என்று கேளுங்கள். ஒருமுறை மெதுவாகச் செய்து காட்டச் சொல்லுங்கள். பதிலுக்குக் கொடுப்பதைப் பற்றி இப்போதே கணக்குப் போட வேண்டாம். லாவ்ஷிக்கு என்னிடம் தேவைப்பட்டது, பேரனின் ஆங்கிலப் பாடத்துக்கு ஓர் ஆள். ஆங்கிலத்துக்காகத்தான் பழகுவார்கள் என்று உங்களிடம் யாராவது எச்சரித்தால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். நானும் எர்ஹுவுக்காகத்தானே அவர் வீட்டுப் படி ஏறினேன்.

பரிசு என்று கடிகாரம் மட்டும் வாங்கிப் போய்விடாதீர்கள், அது அங்கே சாவைக் குறிக்கும். பழம் போதும், இரண்டு கையாலும் கொடுங்கள். ஆசையாக எர்ஹு வாங்கினால், அதில் போர்த்தியிருப்பது மலைப்பாம்புத் தோல் என்பதை நினைவில் வையுங்கள். உரிய சான்றிதழ் இல்லாமல் நாடு தாண்டிக் கொண்டுவர முடியாது.

இன்னொன்று. அங்கே எல்லாத் தொடர்பும் வீசாட் என்ற கைபேசிச் செயலியில்தான். 2020 ஜூனில் இந்தியா அதைத் தடை செய்தது. வாட்ஸ்அப் அங்கே ஓடாது. நான் ஊர் திரும்பியிருந்த நேரம், லாவ்ஷியோடு பேச்சு சட்டென்று அறுந்தது. அவர் மகளின் மின்னஞ்சல் முகவரி ஒரு பழைய ரசீதின் பின்பக்கத்தில் அகப்பட்டதால் தப்பித்தேன். இப்போது அந்த முகவரி வழியாகத்தான் மெட்டுகள் வருகின்றன. கடிதத்தில் பாதி வெறும் எண்கள். புள்ளி போட விசைப்பலகையில் வழியில்லாததால், மேல் ஸ்தாயியா கீழ் ஸ்தாயியா என்று நான் தப்பாகப் பாடி அனுப்ப, அவர் திட்டி எழுதுகிறார். எனவே ஆசிரியையிடம் மின்னஞ்சல் முகவரியை இப்போதே வாங்கி, வீசாட்டில் அல்லாமல் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

அன்புடன்,
அக்கா