மேல்மண் ஈரத்தை மட்டும் அளந்து, வேர் இருக்கும் ஆழத்தின் ஈரத்தைக் கணிக்க முடியுமா?

முடியும். ஆனால் இன்றைய ஒரு அளவு போதாது. சில வாரங்களாக மேல்மண் எப்படி நனைந்தது, எப்படிக் காய்ந்தது என்ற வரிசை கையில் இருக்க வேண்டும்.

எங்கள் வேலூர் மாவட்டத்து அணைக்கட்டு ஊர்ப் பக்கத்துச் செம்மண் கொல்லையில் நல்ல உழவு மழை பெய்தாலும், வெயில் அடித்தால் மேலே 5 செ.மீ. சீக்கிரமே வெளுத்துவிடும். மல்லாட்டை (நிலக்கடலை) வேர் ஓடும் ஆழத்தில் ஈரம் மெதுவாக ஏறும், மெதுவாகத்தான் இறங்கும். அந்தத் தாமதம்தான் கணக்குக்கு அடிப்படை. 1999-ல் வாக்னரும் உடன் ஆய்வாளர்களும், மேல்மண்ணை மட்டுமே உணரும் ஐரோப்பியச் செயற்கைக்கோள் அளவீடுகளுக்காக இதை ஒரு எளிய சூத்திரமாக்கினார்கள். பழைய அளவுகளுக்கு நாளாக ஆக மதிப்புக் குறைந்துகொண்டே போகும். எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்பதை T என்ற ஒரே எண், நாள் கணக்கில், தீர்மானிக்கிறது.

தினமும் அளப்பவருக்கு இது நோட்டுப் புத்தகத்திலேயே போடக்கூடிய கணக்கு. உங்கள் மேல்மண்ணின் மிக வறண்ட நிலையை 0, நன்றாக ஊறிய நிலையை 100 என்று வையுங்கள். T 10 நாள் என்றால், மேலுக்கும் ஆழத்துக்கும் உள்ள வித்தியாசத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கை ஆழத்துடன் தினமும் சேர்க்க வேண்டும். ஆழம் நேற்று 30, இன்று மழையில் மேலே 90 என்றால் ஆழம் 36. நாளை மேலே 70-க்கு இறங்கினாலும் ஆழம் 39.4-க்கு ஏறும். இரண்டு நாளுக்கு ஒருமுறை அளந்தால் பத்தில் ஒரு பங்குக்குப் பதில் 0.18 பங்கு, மூன்று நாளுக்கு ஒருமுறை என்றால் 0.26.

T-யை யாரிடமும் கேட்டு வாங்காதீர்கள். ஆழம் கூடக் கூட அது நீளும், மண்ணுக்கு மண் மாறும். பருவத்தில் சில முறை 30 செ.மீ. தோண்டி மண் எடுத்து, 105 டிகிரியில் 24 மணி நேரம் உலர்த்தி, எடை எவ்வளவு குறைகிறது என்று பாருங்கள். அந்த ஏற்ற இறக்கத்தோடு எந்த T நன்றாக ஒத்துப்போகிறதோ, அதுதான் உங்கள் கொல்லையின் T. இந்த வேலையைத் தவிர்த்தால் மற்றதெல்லாம் வீண் என்பது என் உறுதியான கருத்து.

கணக்கு ஏமாற்றும் இடங்களும் உண்டு. கோடை உழவு போட்ட கொல்லையில் மேலே உள்ள புழுதி, கீழே இருக்கும் ஈரத்தை மூடிக் காக்கிறது. மேல்மண் 0 காட்டும், கணக்கும் ஆழத்தைக் குறைத்துக்கொண்டே போகும், நிஜத்தில் கீழே ஈரம் நிற்கும். அடிமண் இறுகிப்போன செம்மண்ணில் நேர்மாறு: தண்ணீர் மேலேயே தங்கிவிடும், கணக்கு ஆழத்தைக் கூட்டிச் சொல்லும். அங்கே முதலில் அந்த இறுக்கத்தை உடைக்க உளிக்கலப்பை ஓட்டுங்கள்.

நாசாவின் ஸ்மாப் செயற்கைக்கோள் 2015 முதல் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை மேல் 5 செ.மீ. ஈரத்தைத் தருகிறது. ஆனால் அதன் ஒரு கட்டம் 36 கி.மீ. அகலம். பாலாறும் மலையும் வேலூர் டவுனும் அதில் ஒன்றாகக் கலந்துவிடும். வட்டாரத்தின் வறட்சியைப் பார்க்க அது அருமை, ஒரு ஏக்கருக்கு எப்போது தண்ணீர் விடுவது என்று முடிவெடுக்க உதவாது.

சொட்டுநீர்க் கொல்லைக்கு இந்த முறையே வேண்டாம். சொட்டும் இடத்துக்கும் ஒரு முழம் தள்ளியும் மேல்மண் வேறு வேறாக இருக்கும். சென்சாரை வேர் ஆழத்திலேயே புதைத்துவிடுங்கள்.