வட்டியும் கொள்கையும் தெளியாத நேரத்தில் பங்குச் சந்தை: கேள்வி பதில்

கேள்வி: மத்திய வங்கி வட்டியைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. பிறகு ஏன் சந்தை ஒரு நாள் ஏறி மறுநாள் இறங்குகிறது?

பதில்: இன்றைய வட்டியைவிட வருங்கால வட்டி குறித்த எதிர்பார்ப்பே பங்கின் விலையில் மிகுதியாக அடங்கியிருக்கிறது. மாறாத வருவாயை என்றென்றும் தரும் ஒரு பங்கிலிருந்து முதலீட்டாளர்கள் 5 விழுக்காடு ஆதாயம் எதிர்பார்த்தால், அதன் மதிப்பு ஓராண்டு வருவாயைப் போல் 20 மடங்கு. வட்டி உயரும் என்று தோன்றி அவர்கள் 6 விழுக்காடு எதிர்பார்த்தால் அது ஏறத்தாழ 16.7 மடங்காகச் சுருங்கும். அந்த வருவாய் ஆண்டுக்கு 3 விழுக்காடு வளரும் என்று வைத்துக்கொண்டால், எதிர்பார்ப்பு அதேபோல் 5இலிருந்து 6 விழுக்காடாகும்போது அடுத்த ஆண்டு வருவாயைப் போல் 50 மடங்காக இருந்த மதிப்பு 33 மடங்காக வீழ்ந்துவிடும். வளர்ச்சியை நம்பி வாங்கப்படும் தொழில்நுட்பப் பங்குகள் அதிகம் ஆடுவதற்குக் காரணம் இதுவே. அமெரிக்க மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வ் வட்டியை வேகமாக உயர்த்திய 2022இல் 30 பெரிய நிறுவனங்களின் குறியீடான டவ் ஜோன்ஸ் ஏறத்தாழ 9 விழுக்காடு இறங்க, தொழில்நுட்பப் பங்குகள் மிகுந்த குறியீடான நாஸ்டாக் ஏறத்தாழ 33 விழுக்காடு வீழ்ந்தது. வட்டி எந்தப் பக்கம் நகரும் என்று தெரியாதபோது வாங்குபவரும் விற்பவரும் ஒரு விலையில் உடன்படுவது அரிதாகிறது. வணிகம் மெலிந்த சந்தையைச் சிறு செய்திகூட அசைத்துவிடும்.

கேள்வி: வட்டியைக் குறைத்தால் பங்குகள் ஏறிவிடும்தானே?

பதில்: ஏன் குறைக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. 2001 ஜனவரி 3 அன்று ஃபெடரல் ரிசர்வ் எதிர்பாராமல் அரை விழுக்காடு குறைத்தபோது நாஸ்டாக் ஒரே நாளில் 14 விழுக்காடு உயர்ந்தது. ஆனால் அந்த ஆண்டு முழுவதும் வட்டி மேலும் மேலும் குறைக்கப்பட்டும், சந்தையின் சரிவு 2002 அக்டோபர் வரை ஓயவில்லை. பொருளாதாரம் தளர்வதால் வரும் வட்டிக் குறைப்பை நற்செய்தியாக மட்டும் கருதக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து.

கேள்வி: கடன் மிகுந்த நிறுவனங்களின் பங்குகளை விற்றுவிடலாமா?

பதில்: கடனின் அளவை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அது நிலையான வட்டியில் வாங்கப்பட்டதா, எந்த ஆண்டில் புதுப்பிக்கப்பட வேண்டும் என்பவற்றை ஆண்டறிக்கையில் பாருங்கள்.

கேள்வி: வட்டிக் குழப்பமும் அரசின் கொள்கைக் குழப்பமும் ஒன்றுதானா?

பதில்: இல்லை. வட்டி முடிவுக்குக் கூட்ட நாள் உண்டு. பணவீக்கம், வேலைவாய்ப்பு ஆகிய தரவுகளைக் கொண்டு ஓரளவு ஊகிக்கலாம். இறக்குமதி வரி போன்ற முடிவுகளுக்கு அத்தகைய நாட்காட்டி இருப்பதில்லை. 2025 ஏப்ரல் 2 அன்று அமெரிக்கா பல நாடுகள்மீது புதிய வரிகளை அறிவித்ததும் உலகச் சந்தைகள் சரிந்தன. ஏப்ரல் 9 அன்று அவற்றில் பெரும்பகுதி 90 நாள்களுக்கு நிறுத்திவைக்கப்பட்டபோது பெரிய அமெரிக்க நிறுவனங்களின் எஸ் அண்ட் பி 500 குறியீடு ஒரே நாளில் 9 விழுக்காட்டுக்கு மேல் உயர்ந்தது. விலைகள் மீளலாம், ஆனால் இத்தகைய நாள்களில் நிறுவனங்கள் ஒத்திவைக்கும் ஆலைகளும் ஆள்சேர்ப்பும் அவ்வளவு விரைவாக மீள்வதில்லை, அதுவே எனக்குப் பெரிய கவலை.

கேள்வி: கையில் ஒரு தொகை இருக்கிறது. நிலைமை தெளியும்வரை காத்திருக்கட்டுமா?

பதில்: தெளிவு பிறக்கும் நாளில் விலையும் ஏறியிருக்கும், ஏப்ரல் 9 அதற்குச் சான்று. மூன்று ஆண்டுகளுக்குள் தேவைப்படும் பணத்தைப் பங்குகளில் போடவே வேண்டாம். எஞ்சியதைப் பத்துப் பன்னிரண்டு மாதத் தவணைகளாகப் பிரித்துப் போடலாம். சந்தை தொடர்ந்து ஏறினால் மொத்தமாகப் போட்டவரைவிடக் குறைவாகவே ஈட்டுவீர்கள் என்பதை முன்பே ஏற்றுக்கொள்ளுங்கள். தவணைத் தேதிகளை எழுதி வைத்து, வட்டி அறிவிப்பு வரும் வாரத்திலும் அவற்றை மாற்றாதீர்கள்.