பூனைக்குட்டிக்காக அழுத பையன்

வணக்கம் ஐயா,

என் மகனுக்கு 11 வயது. அவன் வளர்த்த பூனைக்குட்டி போன வாரம் செத்துப்போனது. சரியாகச் சாப்பிடாமல் அழுதுகொண்டே இருந்தான். என் அப்பா, "ஆம்பளப் பிள்ளை இதுக்கெல்லாம் அழுவானா?" என்று சத்தம் போட்டார். நான் குறுக்கே பேசவில்லை. எனக்கும் அழுகை வந்தது. குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டேன். பள்ளியிலும் அவன் யாரோடும் மோதுவதில்லை. பென்சிலைப் பிடுங்கினால் விட்டுவிட்டு வந்துவிடுகிறான். இப்படியே போனால் நாளைக்கு எல்லாரும் இவனை ஏறி மிதிக்க மாட்டார்களா? ஆண் என்றால் இயற்கையிலேயே கொஞ்சம் முரட்டுத்தனம் இருக்கத்தானே வேண்டும்? கராத்தேயில் சேர்த்தால் சரியாகிவிடுமா?

பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

பிள்ளை அடிபட்டுவிடுவானோ என்று பயப்படாத தகப்பன் கிடையாது. அந்தப் பயத்தை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் இரண்டு விஷயங்களை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டிருக்கிறீர்கள். குட்டிக்காக அழுதது இரக்கம். பென்சிலை விட்டுவிட்டு வந்தது அநேகமாகப் பயம். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் சாதுத்தனமாகவே தெரியும். முதலாவதில் கை வைக்காதீர்கள். இரண்டாவதற்குத்தான் உங்கள் உதவி வேண்டும். "அது என்னுது, கொடு" என்று எதிரே நிற்பவன் முகத்தைப் பார்த்துச் சொல்ல அவனுக்கு வர வேண்டும். வீட்டில் நீங்களே பென்சிலைப் பிடுங்கிக்கொண்டு கேட்டு வாங்கச் சொல்லுங்கள். முதலில் சிரிப்பான், அப்புறம் குரல் எழும்.

நாம் வழக்கமாகச் செய்வது வேறு. அழுகையை அடக்கச் சொல்கிறோம், பயத்தை அப்படியே விட்டுவிடுகிறோம். அந்தப் பயத்தோடு வளர்கிறவன் தன்னைவிடச் சின்னவன் கிடைத்ததும் கை ஓங்குகிறான். அதற்கு வீரம் என்று பெயர் வேறு.

இயற்கையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பிலிப்பைன்ஸின் செபு பகுதியில் 600க்கும் மேற்பட்ட இளைஞர்களைச் சில ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, 2011இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். முரட்டுத்தனத்துக்குக் காரணம் என்று பலரும் சொல்லும் ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் அதிகம் இருந்தவர்களே பின்னால் துணை தேடித் தகப்பன் ஆகும் வாய்ப்பும் அதிகமாக இருந்தது. தகப்பன் ஆனதும் அது நன்றாகவே இறங்கிவிட்டது. பிள்ளையைப் பார்த்துக்கொள்ள நாளுக்கு 3 மணி நேரமோ அதற்கு மேலோ கொடுத்தவர்களுக்கு இன்னும் குறைவு. பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சுவதற்கு ஆண் உடம்பே தன்னை மாற்றிக்கொள்கிறது என்றால், அதைவிட இயற்கை வேறு என்ன வேண்டும்?

சரி, உலகம் மிதித்துவிடுமா? நடுக்கடலில் எண்ணெய் எடுக்கும் மேடைகளைவிட முரட்டு ஆண்கள் கூடும் இடம் அதிகம் இருக்காது. அமெரிக்கக் கரைக்கு அப்பால் இருந்த அப்படிப்பட்ட இரண்டு மேடைகளில் ராபின் ஈலி, டெப்ரா மேயர்சன் என்ற ஆய்வாளர்கள் தங்கிப் பார்த்து, 2008இல் எழுதினார்கள். விபத்தைக் குறைக்க அந்த நிறுவனம் வேலைக்காரர்களிடம் கேட்டது சாதாரண விஷயங்கள்தான்: தவறு செய்தால் ஒப்புக்கொள், தெரியாவிட்டால் கேள், மனசு சரியில்லை என்றால் கூட இருப்பவனிடம் சொல். 15 ஆண்டுகளில் நிறுவனத்தின் விபத்து விகிதம் 84 சதவீதம் குறைந்தது. காரணம் புரியாததல்ல. வீட்டுக் கவலையில் இருக்கிறவன் கனத்த இரும்போடு வேலை செய்யும்போது, அவன் கவனம் இன்று சரியில்லை என்று பக்கத்தில் நிற்பவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். எல்லாரும் விறைப்பாகவே நின்றால் யாருக்கும் எதுவும் தெரியாது. தெரியவரும்போது யாருக்காவது கை போயிருக்கும்.

உங்கள் அப்பாவோடு சண்டைக்குப் போகாதீர்கள். அவருக்கு அவருடைய அப்பா சொல்லிக்கொடுத்தது அது. குறள் 773ஐ மட்டும் ஒருநாள் வாசித்துக் காட்டுங்கள். அது அருளுடைமையில் இல்லை, போர்வீரர்களைப் புகழும் படைச்செருக்கு அதிகாரத்தில் இருக்கிறது. பகைவன் முன்னால் அஞ்சாமல் நிற்பது பேராண்மை. அந்தப் பகைவனுக்கே ஓர் இடர் வந்தால் உதவுவது அந்த ஆண்மையின் கூர்மை என்கிறார் வள்ளுவர். வீட்டுப் பெரியவர் வள்ளுவரை அவ்வளவு சுலபமாக மறுத்துப் பேச மாட்டார் (என் அனுபவத்தில், கொஞ்சம் முணுமுணுப்பார்).

எனக்கு உறுத்துவது உங்கள் குழாய்தான். அந்த வீட்டில் அழுகை வந்தது தனக்கு மட்டும்தான் என்று உங்கள் மகன் நினைத்துக்கொண்டிருக்கிறான். "எனக்கும் கஷ்டமா இருந்துச்சுடா" என்று இப்போது சொன்னாலும் தாமதம் இல்லை. தாத்தாவும் பக்கத்தில் இருக்கும்போது சொன்னால் இன்னும் நல்லது.

கராத்தே அவனுக்குப் பிடித்தால் தாராளமாகச் சேருங்கள், அழுகைக்கு மருந்தாக வேண்டாம். முழு வேகத்தில் போகும் குத்தை எதிராளியின் மேல் படுவதற்குச் சற்று முன்னால் நிறுத்தவும் அங்கே பழக்குவார்கள். அவனுக்கு அது பிடிக்கலாம். பணம் கட்டுவதற்கு முன் ஒருநாள் ஓரமாக உட்கார்ந்து வகுப்பைப் பாருங்கள். தோற்ற பையனிடம் மாஸ்டர் எப்படிப் பேசுகிறார் என்று கவனியுங்கள். "பொம்பளை மாதிரி நிக்கிறியே" என்பது காதில் விழுந்தால், எழுந்து வந்து வேறு வகுப்பு தேடுங்கள்.