ஸ்பானிஷில் ஒலியை வர்ணிக்க எந்தச் சொல்? வாசகர் கேள்விகள்

கேள்வி: பாடகியின் குரல் மேல் ஸ்தாயியில் நிற்கிறது என்று சொல்ல 'ஆல்த்தா' சரியா, 'அகூதா' சரியா?

அகூதா. ஆல்த்தோ (உயர்ந்த; பெண்பாலில் ஆல்த்தா), பாஹோ (தாழ்ந்த) இரண்டும் ஸ்பானியர் காதில் முதலில் சத்தத்தின் அளவைக் குறிக்கும். சுருதிக்கு உரியவை அகூதோவும் (மேல்; பெண்பாலில் அகூதா) கிராவேயும் (கீழ்). 'போஸ் ஆல்த்தா' என்றால் உரத்த குரல் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். 'லெயேர் என் போஸ் ஆல்த்தா' என்பது வாய்விட்டுப் படிப்பது. ஆங்கிலம் வழியாக ஸ்பானிஷ் கற்பவர்கள்தான் இங்கே அதிகம் சறுக்குகிறார்கள். இசைக்காரர்கள் 'நோத்தா ஆல்த்தா' என்று சொல்வதுண்டு, அது சுரத்துக்கு. கிராவேயிலும் கவனம் தேவை: ஆஸ்பத்திரியில் ஒருவரைப் பற்றி 'எஸ்தா கிராவே' என்றால் அவர் நிலை கவலைக்கிடம்.

கேள்வி: ருய்தோசோ, சொனோரோ இரண்டுக்கும் அகராதியில் ஏறக்குறைய ஒரே பொருள்தான் இருக்கிறது. எங்கே எது?

ருய்தோசோ எரிச்சலில் பிறக்கும் சொல். நள்ளிரவு தாண்டியும் மதுக்கடை வாசலில் கூடி நிற்கும் கும்பல், மேல்மாடியில் நாற்காலியை இழுப்பவர், கடகடவென்று ஓடும் பழைய ஃபிரிட்ஜ் எல்லாமே ருய்தோசோ. சொனோரோவில் அந்தக் குறை கிடையாது. ஒலி கணீரென்று, நிறைந்து வருகிறது என்று பொருள். நல்ல மேடைப் பேச்சாளருக்கு 'போஸ் சொனோரா' இருக்கிறது என்றால் அது பாராட்டு. அவரையே ருய்தோசோ என்றால் அடுத்த கூட்டத்துக்கு உங்களுக்கு அழைப்பு வராது.

சொனோரோ பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வந்தால் அழுத்தம் கூடும். 'உனா சொனோரா போஃபெத்தாதா' பளாரென்று விழுந்த அறை. 'உன் சொனோரோ ஃப்ரகாசோ' ஊரறிந்த தோல்வி. இன்னொரு பக்கம், பாராட்டும் வசையும் இல்லாமல் 'ஒலி சார்ந்த' என்ற வெறும் தொழில்நுட்பப் பொருளும் உண்டு: பேசும்படம் 'ஸினே சொனோரோ', படத்தின் இசைத்தொகுப்பு 'பாந்தா சொனோரா'. இந்த இரண்டிலும் ருய்தோசோவை வைக்கவே முடியாது.

கேள்வி: வலென்சியாவின் பட்டாசுத் திருவிழாவைப் பற்றிக் கட்டுரை எழுதுகிறேன். காதைப் பிளக்கும் சத்தத்துக்கு நான்கு சொற்கள் கிடைத்தன: என்சோர்தெசெதோர், அத்ரொனதோர், எஸ்த்ருவெந்தோசோ, எஸ்த்ரெபித்தோசோ.

ஃபாயாஸ் விழாவைத்தான் சொல்கிறீர்கள். மார்ச் 1 முதல் 19 வரை நகராட்சிச் சதுக்கத்தில் தினமும் பகல் 2 மணிக்கு வெடிக்கும் மஸ்க்லெத்தா என்னும் பட்டாசுத் தொடருக்கு முதல் மூன்றுமே பொருந்தும். என்னைக் கேட்டால் என்சோர்தெசெதோர்தான். 'செவிடு' என்ற சொல்லே அதற்குள் இருக்கிறது. மஸ்க்லெத்தா பெண்பால் என்பதால் 'என்சோர்தெசெதோரா' என்று எழுதுங்கள். அத்ரொனதோருக்குள் இருப்பது இடி. 'அப்லாவுசோ அத்ரொனதோர்', அதாவது இடி முழக்கமான கைதட்டல், பத்திரிகைகளில் தேய்ந்துபோன தொடர். எஸ்த்ருவெந்தோசோ எழுத்து நடைக்குச் சரி, பேச்சில் கொஞ்சம் கனம்.

எஸ்த்ரெபித்தோசோவை விட்டுவிடுங்கள். தடாலென்று விழுவதும் கவிழ்வதும் அதன் சுபாவம். 'ஃப்ரகாசோ எஸ்த்ரெபித்தோசோ' என்றால் படுதோல்வி. மஸ்க்லெத்தாவோ தாளம் கணக்கிட்டு, படிப்படியாக ஏற்றிக் கட்டப்படும் வெடி. அதற்கு இந்தச் சொல்லைப் போட்டால் உள்ளூர்க்காரர்கள் முகம் சுளிக்கக்கூடும்.

கேள்வி: எஸ்த்ரிதென்தே, சியோன்: எது அதிகம் கடுமை?

எஸ்த்ரிதென்தே. அது காதைக் குத்தும் சத்தத்துக்கு. சியோன் கீச்சென்று கத்தும் குரலுக்கு; பேச்சுவழக்குச் சொல், பெண்பாலில் சியோனா. இரண்டையும் கண்ணைக் குத்தும் நிறங்களுக்கும் சொல்வார்கள். எண்ணெய் போடாத கதவுக்கு இரண்டும் வேண்டாம், 'சிர்ரியான்தே' இருக்கிறது.

கேள்வி: 'அமைதியாக இரு' என்பதற்கு 'கியேத்தோ' சொல்லலாமா?

கூடாது. கியேத்தோ என்றால் அசையாமல் இருப்பவர். வாய் ஓயாமல் பேசிக்கொண்டும் கியேத்தோவாக இருக்கலாம். பேசாமல் இருப்பவர் கயாதோ. சத்தமில்லாத தெரு, இயந்திரம் சிலென்சியோசோ.

கேள்வி: ஃப்ளமென்கோ பாடகரின் கரகரப்பை ரோன்க்கோ என்றால் அவமதிப்பா?

அவமதிப்பு இல்லை, ஆனால் வினையைப் பாருங்கள். 'எஸ்தா ரோன்க்கோ' என்றால் அவருக்குத் தொண்டை கட்டியிருக்கிறது. 'தியெனே லா போஸ் ரோன்க்கா' என்றால் குரலின் தன்மையே அது. குரல் சுத்தமாகப் போய்விட்டால் 'அஃபோனிக்கோ'. ஃப்ளமென்கோ ரசிகர்களிடம் இன்னும் நல்ல சொற்கள் உண்டு. உடைந்த குரல் என்னும் 'போஸ் ரோத்தா' அங்கே புகழ்ச்சி. 19-ஆம் நூற்றாண்டுப் பாடகர் எல் ஃபீயோவின் பெயரால் வந்த 'அஃபியா' அதைவிடப் பெரிய புகழ்ச்சி. அந்தக் குரலைச் சியோனா என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

கேள்வி: 'சோர்தோ' காது கேளாதவர் என்று படித்தேன். 'கோல்பே சோர்தோ' என்றால்?

தொப்பென்று விழும் மந்தமான அடி. மூட்டை தரையில் விழும் சத்தம். விடாமல் உள்ளுக்குள் வலித்துக்கொண்டிருந்தால் அதுவும் 'தோலோர் சோர்தோ'. இலக்கணத்தில் குரல்நாண் அதிராத மெய்கள் 'சோர்தாஸ்', அதிர்பவை 'சொனோராஸ்'. தமிழில் 'ப' ஒரே எழுத்து இரண்டுக்கும் நிற்கிறது. மேலே எழுதியிருக்கும் போஸ், பாஹோ, பாந்தா மூன்றிலும் முதல் ஒலி சொனோரா. 'பம்பரம்' என்பதில் வரும் இரண்டாவது ப-வைப் போல உச்சரியுங்கள்.