20,000 ரூபாயில் பேய்ப்படம் எடுக்கலாமா? முல்லைத்தீவிலிருந்து ஒரு கேள்வி

உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருக்கும் தங்கச்சி ஒருவர் முல்லைத்தீவுப் பக்கத்திலிருந்து கேட்டிருக்கிறார்: “அண்ணா, நாங்கள் ஐந்து பேர். கையில் 20,000 ரூபாய், இரண்டு போன், ஒரு ட்ரைபொட் இருக்கு. பத்து நிமிடத்தில் ஒரு பேய்க் குறும்படம் எடுக்க ஆசை. காட்டுக்கரையில் ஆளில்லாத உடைந்த வீடொன்று பார்த்து வைத்திருக்கிறோம். ஆனால் இரவில் எடுத்தால் படம் புள்ளி புள்ளியாக வருகிறது. பேயாக நடிக்கிற பிள்ளைக்கு வெள்ளைச் சீலை கட்டிவிட்டால் எங்களுக்கே சிரிப்பு வருகிறது. என்ன செய்யலாம்?”

எடுக்கலாம் தங்கச்சி, தாராளமாக எடுக்கலாம். ஆனால் முதல் வேலையாக அந்த வீட்டை விட்டுவிடுங்கள்.

போர் முடிந்தது 2009இல். மிதிவெடி அகற்றும் வேலை இன்றைக்கும் முடியவில்லை. மண்டையோடு போட்ட சிவப்புப் பலகைக்கு அந்தப் பக்கம் கால் வைக்கக் கூடாது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை, பள்ளிக்கூடத்திலேயே படித்திருப்பீர்கள், ஆனால் பலகை இல்லாத பற்றையெல்லாம் பாதுகாப்பானது என்றும் நினைத்துவிடாதீர்கள். சனம் தினமும் நடக்கிற பாதை, உழுது விதைக்கிற வயல், ஆட்கள் குடியிருக்கிற வளவு, இவற்றுக்குள் படத்தை முடியுங்கள். மண்ணுக்குள் துருப்பிடித்த இரும்பு ஏதாவது தெரிந்தால், படத்தில் வைக்க நல்லாயிருக்கும் என்று கிட்டப் போகவே வேண்டாம், வந்த வழியே திரும்பி வந்து 119க்குச் சொல்லுங்கள். பாழ் வளவுகளில் கட்டில்லாத கிணறு பற்றைக்குள் மறைந்து கிடக்கும், அது வேறு. கமராவைப் பார்த்தபடி பின்னுக்கு நடக்கிற ஒருவருக்கு அது போதும்.

இன்னொரு காரணம் இருக்கிறது, எனக்கு அதுதான் பெரிய காரணம். அந்த உடைந்த வீடு யாரோ கட்டி வாழ்ந்த வீடு. அதில் இருந்தவர்கள் வெளிநாட்டில் இருக்கலாம், செத்திருக்கலாம், காணாமல் போனவர்கள் பட்டியலில் இருக்கலாம், அவர்களைத் தேடுகிற தாய் உங்கள் ஊரிலேயே இருக்கலாம். அந்தச் சுவருக்கு முன்னால் ஒரு பேயை நிறுத்தினால், நீங்கள் நினைக்காவிட்டாலும் பார்க்கிறவர்கள் அது யாருடைய பேய் என்று கேட்பார்கள். போரைப் பற்றிப் படம் எடுக்க வேண்டும் என்றால் அதைத் தனியாக, அந்தக் குடும்பங்களோடு கதைத்து எடுங்கள். பயப்படுத்துவதற்கு மட்டும் அந்தச் சாவுகளைத் தொட வேண்டாம். சீருடை, விளையாட்டுத் துவக்கு இவையும் வேண்டாம், வீதியில் வைத்து யாராவது பார்த்தால் வீண் பிரச்சினை.

சரி, இப்போது சிரிப்புக்கு வருவோம். உங்களுக்கே சிரிப்பு வருகிறது என்பது இந்தக் கேள்வியிலேயே எனக்குப் பிடித்த இடம். வெள்ளைச் சீலை, விரித்த தலைமுடி, சலங்கைச் சத்தம் எல்லாம் சினிமாவில் பார்த்துப் பார்த்துப் பழகிப்போன பேய். உங்களுக்கு அதில் பயமில்லை, பிறகு எங்களுக்கு எப்படி வரும்? நீங்கள் உண்மையில் எதற்குப் பயப்படுகிறீர்கள் என்று ஐந்து பேரும் இருந்து கதையுங்கள். இரவில் வளவுக்குள் யாரோ நடக்கிற மாதிரி இருக்கும், நாய் ஒரே இடத்தைப் பார்த்துக் குரைக்கும். வெளியில் நின்று ஒரு குரல் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் முதல் தரமே பதில் சொல்லாதே என்று அம்மம்மா சொல்லியிருப்பார். கொத்திப் பேய், முனி என்று பெரியவர்களிடம் கேட்டால் இரவிரவாகக் கதை வரும். (வைரவர், ஐயனாரைப் பேயாக்க வேண்டாம், அவை சனம் கும்பிடுகிற தெய்வங்கள்.)

நான் என்றால் காவல் கொட்டிலைத்தான் எடுப்பேன். பன்றிக்கும் யானைக்கும் வயல் காவல் இருக்கிறது நம்முடைய பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த விசயம், ஒரே இடம், ஒரே ஆள், ஒரே விளக்கு, குறைந்த காசுக்கு இதைவிட நல்ல மேடை கிடைக்காது. ஒரு காட்சி சொல்கிறேன், பிடித்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்பாவுக்கு ஏலாது என்று ஒரு பெடியன் முதல் தடவையாகத் தனியக் காவலுக்கு வருகிறான். கொட்டிலிலிருந்து வயலின் அந்தக் கரைக்கு ஒரு கயிறு போகிறது, அதன் முனையில் பால்பேணிகள் கட்டியிருக்கு. இடைக்கிடை கயிற்றை இழுத்தால் தூரத்தில் பேணிகள் அடிபட்டுச் சத்தம் வரும், பன்றி வராது. அவன் இழுக்கிறான், சத்தம் வருகிறது. சாப்பாட்டுப் பார்சலைப் பிரிக்கிறான், திரும்ப இழுக்கிறான், சத்தம் வருகிறது. பிறகு கொஞ்சநேரம் தூங்கி வழிகிறான். கயிறு கையில் இல்லை, ஆனால் தூரத்தில் பேணிகள் மெல்ல அடிபடுகின்றன. காற்றாக இருக்கும். அதுவரை கத்திக்கொண்டிருந்த சில்வண்டுகள் ஒரு பக்கத்தில் மட்டும் நிற்கின்றன. ஒரு ஆட்காட்டிக் குருவி தூரத்தில் கத்துகிறது, கொஞ்ச நேரத்தில் கிட்ட இன்னொன்று கத்துகிறது. அவன் கயிற்றைப் பிடிக்கிறான். அது விறைப்பாக இருக்கிறது. உள்ளங்கைக்குள்ளால் அரை அங்குலம் நகர்கிறது, நிற்கிறது, திரும்ப நகர்கிறது.

பேய் எங்கே? காட்டவே வேண்டாம். கயிற்றின் மற்ற முனையை ஒருக்காலும் காட்டாதீர்கள். அங்கே உங்கள் சிநேகிதி ஒருத்தி குந்தியிருந்து இழுப்பாள், செலவு ஒரு கயிறும் நாலு பால்பேணியும். வயலில் ஆள் நடந்தால் ஆட்காட்டி எழும்பிக் கத்தும், கிட்ட அசைவு தெரிந்தால் சில்வண்டு வாயை மூடும், இதெல்லாம் வன்னியில் வளர்ந்த எந்தப் பிள்ளைக்கும் காதிலேயே தெரியும், அதனால் ஏதோ ஒன்று நடந்து வருகிறது என்று நீங்கள் சொல்லாமலே விளங்கிவிடும்.

ஆகவே உங்கள் காசிலும் நேரத்திலும் பெரும் பங்கு சத்தத்துக்குப் போக வேண்டும். படம் கொஞ்சம் மங்கலாக இருந்தால் மன்னிப்பார்கள், சத்தம் இரைந்தால் அடுத்த வீடியோவுக்குப் போய்விடுவார்கள். இரண்டாவது போனை ரெக்கோடராக வையுங்கள், வயர் உள்ள சின்ன கொலர் மைக் ஒன்று வாங்கி அதில் குத்தி, போனை நடிகரின் சட்டைப் பைக்குள் போட்டுவிடலாம். பிளைட் மோடில் போடுங்கள், இல்லாவிட்டால் நல்ல நடிப்பு வருகிற நேரம் பார்த்து யாராவது கோல் எடுப்பார்கள். ஒவ்வொரு ஷொட்டுக்கும் முன்னால் கமராவுக்குத் தெரிய ஒரு கைதட்டு, எடிட்டில் இரண்டு சத்தத்தையும் பொருத்த அது போதும். ஒவ்வொரு இடத்திலும் எல்லோரும் வாயை மூடிக்கொண்டு ஒரு நிமிடம் வெறும் இரவை ரெக்கோட் பண்ணுங்கள், வெட்டுகளை ஒட்டுவதற்கு அது இல்லாமல் முடியாது. மழை பெய்து விட்ட இரவு தவளை, நத்து, தூரத்து நரி எல்லாம் கிடைக்கும், படப்பிடிப்புக்கு முதலே வீட்டு முற்றத்திலிருந்து எடுத்துச் சேர்த்து வையுங்கள். ஆட்காட்டிச் சத்தத்தைப் பகலில் வரம்பில் நடந்தே எடுக்கலாம்.

தூரத்துக் குரல் ஒன்று தேவைப்பட்டால் உங்கள் ஊரில் கூத்தாடிய பெரியவர் ஒருவரைக் கேளுங்கள். கோவலன் கூத்துக்குப் பேர்போன முள்ளியவளை உங்களுக்குக் கிட்டத்தானே, காத்தவராயன் கூத்து ஆடியவர்களும் ஊரூராக இருக்கிறார்கள். மைக் இல்லாமல் வெளியில் பாடிப் பழகிய தொண்டை அது. வயலின் அந்தக் கரையில் அவரை நிறுத்தி, இந்தக் கரையில் மைக்கை வைத்து, அந்தப் பெடியனின் பெயரை ஒரு தரம் மட்டும் கூப்பிடச் சொல்லுங்கள். மைக்குக் கிட்ட வைத்து எடுத்துவிட்டு எடிட்டில் சத்தத்தைக் குறைத்தால் அந்தத் தூரம் வராது.

இனி அந்தப் புள்ளிகள். வெளிச்சம் போதாதபோது போன் தானாக ஐஎஸ்ஓவை, அதாவது வெளிச்சத்தை உணரும் அளவை, கூட்டுகிறது, அதுதான் புள்ளி. பிளக்மேஜிக் கமரா என்ற செயலி ஐபோனுக்கும் பல அன்ட்ரொய்ட் போன்களுக்கும் இலவசம், அதில் எல்லாவற்றையும் கையால் பூட்டலாம்: வினாடிக்கு 25 பிரேம், ஷட்டர் வினாடியில் 50இல் ஒன்று, ஐஎஸ்ஓ 400, தப்பினால் 800. நம்முடைய கரண்ட் 50 ஹேர்ட்ஸ் என்பதால் இந்தக் கணக்கில் எடுத்தால் பல்ப் வெளிச்சம் படத்தில் துடிக்காது. போனில் மூன்று லென்ஸ் இருந்தாலும் இரவில் 1எக்ஸ் மட்டும் பாவியுங்கள், அநேகமான போன்களில் பெரிய சென்சர் அதற்குத்தான் இருக்கு. சூம் வேண்டவே வேண்டாம். லென்ஸைத் துடையுங்கள், விரல் எண்ணெய் பட்டிருந்தால் விளக்கைச் சுற்றிப் புகைமூட்டம் மாதிரி வரும்.

அதோடு, இரவுக் காட்சியை நடு இரவில் எடுக்க வேண்டும் என்று ஒரு சட்டமும் இல்லை. வயல், கொட்டில், பாதை எல்லாம் தெரிகிற பெரிய ஷொட்டுகளைச் சூரியன் விழுந்த பின் வரும் நீல வெளிச்சத்தில் எடுங்கள். நம்முடைய நாட்டில் அது ஏறக்குறைய 20 நிமிடம்தான், அதனால் நாலு மணிக்கே ஒத்திகை முடித்து ட்ரைபொட் போட்ட இடத்திலேயே நில்லுங்கள். ஒரு பின்னேரத்துக்கு இரண்டு ஷொட், பேராசைப்பட வேண்டாம். வைட் பலன்ஸை (நிறச் சமநிலையை) 3200இல் வைத்தால் நீலம் இன்னும் ஏறும். கிட்டத்து ஷொட்டுகளுக்கு வயலே தேவையில்லை. வீட்டு முற்றத்தில் நாலு கிடுகைக் கட்டி நிறுத்தினால் முகம், கை, கயிறு, சாப்பாட்டுப் பார்சல் எல்லாவற்றையும் ஆறுதலாக எடுக்கலாம். யானை வருகிற பக்கத்தில் ஐந்து பிள்ளைகள் இரவிரவாக நிற்பதையும் இது மிச்சப்படுத்தும்.

வெளிச்சத்துக்கு ஒரு அரிக்கன் லாம்பு வாங்கி, உள்ளே திரிக்குப் பதிலாக மஞ்சள் வெளிச்சச் சின்ன எல்ஈடி வையுங்கள். மண்ணெண்ணெய்ச் சுடர் போனுக்குப் போதாது, கிடுகுக்குப் பக்கத்தில் நெருப்பும் கூடாது. நிலவுக்கு மோட்டார் சைக்கிள் ஹெட்லைட். நடிகருக்குப் பின்னால் நல்ல தூரத்தில், மரத்துக்குள்ளால் வருகிற மாதிரி நிறுத்தி, நீலக் கண்ணாடிப் பேப்பரைக் கொஞ்சம் தள்ளிப் பிடியுங்கள், கண்ணாடியில் ஒட்டினால் உருகும். எஞ்சின் ஓடினால்தான் பற்றரி தாங்கும், ஆகவே அந்த ஷொட்டுகளின் சத்தத்தை எறிந்துவிட்டு முன்பே சேர்த்த இரவை வையுங்கள். முகத்துக்கு நேரே டோர்ச் அடிக்காதீர்கள், வெள்ளை ரெஜிபோம் மட்டையில் அடித்துத் திருப்புங்கள். தை, மாசி விடியலில் வயலில் பனி இறங்கும்போது அலாரம் வைத்து எழும்பினால் புகை மெசினுக்குக் காசு தேவையில்லை.

இரத்தம் தேவையில்லை என்பது என் கருத்து. கட்டாயம் வேண்டும் என்றால் ஆலாத்திக்குக் கரைக்கிற மஞ்சளும் சுண்ணாம்பும் இரவு வெளிச்சத்தில் போதும், உடுப்பிலும் மண்ணிலும் மட்டும், சுண்ணாம்பு தோலையும் கண்ணையும் எரிக்கும்.

நடிக்கிறவரிடம் “பயப்படு” என்று சொல்லாதீர்கள், கண்ணை உருட்டுவார். ஒரு வேலை கொடுங்கள். பார்சலில் மீன் முள் எடுத்துக்கொண்டிரு, சத்தம் கேட்டால் கையை நிறுத்து, எந்தப் பக்கம் என்று கேள், அவ்வளவுதான். உண்மையான ஆட்காட்டிச் சத்தத்தைப் போனில் போட்டுக் காட்டினால் கழுத்து தானாகத் திரும்பும். சிரிப்பு வந்தால் சிரித்து முடிக்க விடுங்கள். ஆனால் நிஜமாகப் பயம் காட்டி நடிப்பு வாங்க வேண்டாம், இருட்டில் ஓடி விழுந்தால் பிறகு படமும் இல்லை. நிலத்தில் படுக்கிற காட்சி என்றால் முதலில் டோர்ச் அடித்துப் பாம்பு பாருங்கள், விரியன் இரவில்தான் திரியும்.

ஊருக்குச் சொல்லாமல் இரவில் எடுக்காதீர்கள். 2011இல் உடம்பில் கிறீஸ் பூசிய மர்ம ஆட்கள் இரவில் திரிகிறார்கள் என்று கிறீஸ் பூதப் பீதி பரவியபோது ஆட்கள் பொல்லோடு இரவிரவாகக் காவல் நின்றதும், ஊருக்குப் புதியவர்களைப் பிடித்து அடித்ததும் உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். வயல்காரரிடம் அனுமதி வாங்கி, கிராம சேவகருக்கும் பொலிசுக்கும் ஒரு வார்த்தை சொல்லி, பக்கத்து வீடுகளுக்கும் போய்ச் சொல்லுங்கள். அலறல் தேவைப்பட்டால் பகலில் அறைக்குள் தலையணை சுற்றி வைத்து ரெக்கோட் பண்ணிக்கொள்ளலாம். ட்ரோனுக்கு சிவில் விமானச் சேவைகள் அதிகார சபையின் அனுமதி தேவை, அந்த ஆசையை இப்போதைக்கு விடுங்கள்.

காசை நான் பிரித்தால் 8,000 சாப்பாட்டுக்கும் பெற்றோலுக்கும், 5,000 மைக்குக்கு, 4,000 விளக்கு, கயிறு, பேப்பர், பவர்பாங்குக்கு, மிச்சம் 3,000 கைவைக்காமல். பசித்த ஐந்து பேர் சேர்ந்து படம் எடுக்க முடியாது.

எடிட்டுக்கு லப்டொப் இருந்தால் டாவின்சி ரிசோல்வின் இலவசப் பதிப்பு, இல்லாவிட்டால் கப்கட். சினிமாப் பின்னணி இசை போட்டால் உரிமை மீறல் என்று யூடியூப் பிடித்துவிடும், பிரீசவுண்ட் என்ற இலவசச் சத்தத் தளத்தில் உரிமத்தைப் பார்த்து எடுங்கள். ஆனால் கயிறு நகர்கிற இடத்தில் இசையே வேண்டாம். இருட்டாக்குகிறேன் என்று கறுப்பில் எல்லாவற்றையும் புதைத்துவிடாதீர்கள், வெளிச்சத்தைக் குறைத்த போனில், பகல் வெளிச்சத்தில் பார்த்தும் கை தெரிய வேண்டும். பத்து நிமிடம் என்று எழுதியிருந்தீர்கள், இந்தக் கதைக்கு ஆறு போதும். முதல் வெட்டை முடித்ததும் கதை தெரியாத ஒருவருக்குக் ஹெட்போன் கொடுத்துக் காட்டுங்கள், படத்தைப் பார்க்காமல் அவர் முகத்தைப் பாருங்கள், எந்த இடத்தில் பார்வை விலகுகிறதோ அதைக் குறித்துக்கொண்டு அன்றிரவே வெட்டுங்கள்.